அடுத்த மாடல் வரட்டும்!

2018 டிசம்பர் கடைசி வாரம். அமெரிக்கா முழுக்க கிறிஸ்துமஸ் விடுமுறைக் கொண்டாட்டம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் கேக் தொண்டையில் இறங்கவில்லை. அவர்கள் எல்லாரும் டெஸ்லா கம்பெனியின் எலெக்ட்ரிக் காரை புக் செய்துவிட்டு, 'எப்போ சார் வரும்?' என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள்.

என்ன அப்படி அவசரம்? கார் இந்த வாரம் வராவிட்டால் அடுத்த வாரம் வந்துவிட்டுப் போகிறது!

அங்கேதான் விஷயம். எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு 7,500 டாலர் வரிச் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு கம்பெனி அந்த நாட்டில் 2 லட்சம் எலெக்ட்ரிக் கார் விற்றுவிட்டால், அதற்கப்புறம் சலுகை படிப்படியாகக் கரைய ஆரம்பிக்கும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். டெஸ்லா அந்தக் கோட்டை 2018 ஜூலையில் தாண்டியது. ஆக, 2018 டிசம்பர் 31 வரை முழுச் சலுகை. 2019 ஜனவரி 1 முதல் பாதி, அதாவது 3,750 டாலர்.

கவனியுங்கள். நீங்கள் என்றைக்கு புக் செய்தீர்கள், என்றைக்குப் பணம் கட்டினீர்கள் என்பதெல்லாம் கணக்கே இல்லை. வண்டி என்றைக்கு உங்கள் கைக்கு வந்தது என்பதுதான் கணக்கு. லாரி வழியில் பனியில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் தாமதமானால்கூட 3,750 டாலர் போச்சு! கூக்குரல் அதிகமாகவே, 'நாங்கள் தேதி சொல்லி, அது எங்களால் தவறினால், வித்தியாசத்தை நாங்களே தருகிறோம்' என்று கம்பெனியின் தலைவர் ஈலான் மஸ்க் அறிவிக்க வேண்டியதாயிற்று.

பழைய மாடல் போய்ப் புது மாடல் வரும் இடைவெளி, பழைய சட்டம் போய்ப் புதுச் சட்டம் வரும் இடைவெளி... இந்த மாதிரி சந்துகளில் மாட்டிக்கொண்டு ஒரு காருக்காகக் காத்திருப்பது ஏதோ இப்போது வந்த தலைவலி என்று நினைத்துவிடாதீர்கள். கதை நூறு வருஷத்துக்கு மேல் பழசு. அதில் வருகிறவர்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. முதல் ஆள், தாமஸ் ஆல்வா எடிசன்!

*

1900-ம் ஆண்டுக்குப் போவோம். அந்த வருஷம் அமெரிக்காவில் தயாரான மொத்தக் கார்கள் 4,192. அதில் நீராவியில் ஓடுபவை 1,681. எலெக்ட்ரிக் கார்கள் 1,575. பெட்ரோல் கார்கள்? வெறும் 936!

ஆமாம், படித்தது சரிதான். எலெக்ட்ரிக் கார் என்பது ஏதோ நேற்றுக் காலை கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. அன்றைக்குப் பெட்ரோல் காரைக் கிளப்ப வேண்டுமென்றால் முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சுப் பிடித்துச் சுற்ற வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால் அது திருப்பி அடிக்கும். கை எலும்பு முறிந்தவர்கள் ஏராளம். போதாக்குறைக்குச் சத்தம், புகை, நாற்றம். எலெக்ட்ரிக் காரில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினால் பூனை மாதிரி நகரும்.

ஒரே ஒரு குறை. பேட்டரி. அன்றைய ஈய பேட்டரி பயங்கர கனம். தூரமும் போகாது, ரொம்ப நாள் உழைக்கவும் உழைக்காது. 'இதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார் எடிசன். ஈயத்துக்கும் அமிலத்துக்கும் பதிலாக நிக்கல், இரும்பு, காரக் கரைசல். 1901-ல் இதற்கென்று தனி கம்பெனியே ஆரம்பித்தார். பல்பு கொடுத்த மனுஷன், பேசும் இயந்திரம் கொடுத்த மனுஷன் சொல்கிறார் என்றால் யார் நம்ப மாட்டார்கள்? பத்திரிகைகள் கொண்டாடின.

1903-ல் பேட்டரி சந்தைக்கு வந்தது. வந்த வேகத்தில் ஒழுக ஆரம்பித்தது! வெளி டப்பா கசிந்தது. கொஞ்ச நாளில் சக்தியும் இறங்கியது. எடிசனிடம் ஒரு நல்ல குணம், மழுப்பவில்லை. உற்பத்தியை நிறுத்தினார். விற்ற பேட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுபடி சோதனைச் சாலைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆயிரக்கணக்கில் சோதனைகள்.

வெளியே வந்தபோது வருஷம் 1909! புது பேட்டரி உண்மையிலேயே அருமை. அதைப் பொருத்திக்கொண்ட ஒரு 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' கார், சோதனை ஓட்டம் ஒன்றில் ஒரே சார்ஜில் 211 மைல் ஓடிக் காட்டியது.

ஆனால் இந்த இடைவெளியில் உலகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? 1908 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டு என்ற டெட்ராய்ட்காரர் 'மாடல் டி' என்றொரு பெட்ரோல் காரை விட்டார். விலை 850 டாலர். பிறகு வருஷா வருஷம் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். 1912 கெடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பட்டனைத் தட்டினால் பெட்ரோல் இன்ஜின் கிளம்பும். கைப்பிடி சுற்றும் வேலைக்கு முழுக்கு! எலெக்ட்ரிக் காரின் ஆகப் பெரிய கவர்ச்சி அன்றோடு போயிற்று.

எலெக்ட்ரிக் கார் தோற்றதற்கு எடிசனின் தாமதம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அநியாயம். பெட்ரோல் மலிவானது, ஊருக்கு வெளியே சாலைகள் வந்தன, கிராமங்களில் மின்சாரமே கிடையாது என்று பல காரணங்கள். ஆனாலும் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 'அற்புதமான பேட்டரி இதோ வரப்போகிறது' என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, இன்றைக்குக் கடையில் இருக்கும் ஓட்டை பேட்டரி வண்டியை எவன் வாங்குவான்? 'கொஞ்சம் பொறு, புதுசு வரட்டும்' என்றுதானே புத்திசாலி சொல்வான்? அப்படி எல்லாப் புத்திசாலிகளும் காத்திருந்தால், இருக்கிற வண்டியைச் செய்கிறவன் என்ன ஆவான்?

எலெக்ட்ரிக் காரின் ஜாதகத்தில் இந்தக் கண்டம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. அதன் உயிர் பேட்டரியில் இருக்கிறது. பேட்டரியோ எப்போதும் 'அடுத்த வருஷம்' இன்னும் நன்றாக இருக்கும்!

*

எடிசனும் ஃபோர்டும் பழைய சிநேகிதர்கள். 1896-ல் ஒரு விருந்தில் சந்தித்துக்கொண்டார்கள். அப்போது ஃபோர்டு, டெட்ராய்ட்டில் எடிசன் பெயரில் இயங்கிய மின் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். தான் செய்துகொண்டிருந்த பெட்ரோல் வண்டியைப் பற்றிக் கூச்சத்தோடு சொல்ல, 'சரியான வழி, விடாதே' என்று உற்சாகப்படுத்தியவர் எடிசன். மின்சாரத்தின் பிதாமகர், பெட்ரோல் காருக்கு ஆசீர்வாதம்!

அந்த நன்றியோ என்னவோ, 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எடிசனும் தானும் சேர்ந்து மலிவான எலெக்ட்ரிக் கார் ஒன்றுக்காக உழைத்துக்கொண்டிருப்பதாகவும், ஒரு வருஷத்துக்குள் தயாரிப்பு ஆரம்பிக்கலாம் என்று நம்புவதாகவும் நிருபர்களிடம் சொன்னார். உலகத்தின் நம்பர் ஒன் கார்க்காரர், நம்பர் ஒன் கண்டுபிடிப்பாளர். கேட்க வேண்டுமா! ஆளாளுக்கு விலை பற்றி வதந்தி கிளப்பினார்கள்.

சோதனை வண்டிகள் ஓடின. போட்டோகூட இருக்கிறது. ஆனால் கடைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம்... பேச்சு மெல்ல அடங்கிப்போனது. வராத காருக்காக எத்தனை பேர் இருக்கிற எலெக்ட்ரிக் காரை வாங்காமல் தள்ளிப்போட்டார்களோ, அது யார் கணக்கிலும் இல்லை.

*

இதே ஃபோர்டுக்கு அடுத்த பாடம் சொந்த வீட்டிலேயே காத்திருந்தது.

மாடல் டி கார் ஓடு ஓடென்று ஓடியது. 1914-லிருந்து 1925 வரை ஒரே நிறம், கறுப்பு. வருஷா வருஷம் விலைதான் குறையுமே தவிர, வண்டி கிட்டத்தட்ட அதேதான். 'நல்ல வண்டியை எதற்கு மாற்ற வேண்டும்?' என்பது ஃபோர்டின் கட்சி. நியாயம்தான். ஆனால் எதிர்த் தரப்பில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஷெவர்லே கார், கலர் கலராக, மூடிய கூண்டோடு, வருஷத்துக்கு ஒரு மெருகோடு வந்து ஆளை இழுத்தது.

1926 ஜனவரியில் எர்னஸ்ட் கான்ஸ்லர் என்கிற உயர் அதிகாரி ஃபோர்டுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கான்ஸ்லர் வேறு யாருமில்லை, ஃபோர்டின் மகன் எட்ஸலின் சகலை. 'ஐயா, காலம் மாறிவிட்டது. புது மாடல் இல்லாவிட்டால் மூழ்கிவிடுவோம்' என்று பணிவாக, புள்ளிவிவரங்களோடு. பலன்? அதே வருஷம் கான்ஸ்லருக்கு வேலை போயிற்று!

ஆனால் ஆளை அனுப்பலாம், கணக்கை அனுப்ப முடியுமா? விற்பனை சரிந்துகொண்டே வந்தது. கடைசியில் 1927 மே மாதம் பெரியவர் இறங்கி வந்தார். மாடல் டி நிறுத்தப்படுகிறது, புது கார் வரும் என்று அறிவிப்பு. மே 26-ம் தேதி, ஒன்றரைக் கோடியாவது மாடல் டி காரை அப்பாவும் பிள்ளையும் தொழிற்சாலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

'சரி, புது கார் எங்கே?'

அதுதான் இல்லை! வடிவமைப்பே இன்னும் முடியவில்லை. ஒரே ஒரு மாடலுக்கென்று செதுக்கி வைத்த இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில். அத்தனையையும் மாற்ற வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி, ஏறக்குறைய 6 மாதம் கார் செய்யாமல் படுத்துக்கொண்டது. மாற்றத்துக்கான மொத்தச் செலவு 25 கோடி டாலர் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்த 6 மாதத்தை யார் சுமந்தது? ஃபோர்டு இல்லை. அவரிடம் பணம் கொட்டிக் கிடந்தது. டெட்ராய்ட்டில் மட்டும் சுமார் 60 ஆயிரம் தொழிலாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அன்றைக்கு வேலையில்லாதவர்களுக்கான அரசாங்கக் காப்பீடு எதுவும் அமெரிக்காவில் கிடையாது. புது மாடல் எப்போது வரும் என்று பணக்காரன் ஆவலோடு கேட்ட அதே கேள்வியை, அடுப்பைப் பார்த்தபடி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராக ஃபோர்டு டீலர்கள், விற்க வண்டியில்லாமல் ஈ ஓட்டினார்கள். சிலர் பலகையை மாற்றி ஷெவர்லே விற்கப் போனார்கள்.

வாடிக்கையாளர்கள்? அங்கேதான் வேடிக்கை. கார் எப்படி இருக்கும் என்று தெரியாது. விலை தெரியாது. என்றைக்கு வரும் என்றும் தெரியாது. ஆனாலும் லட்சக்கணக்கான பேர் முன்பணம் கட்டினார்கள்!

1927 டிசம்பர் 2. 'மாடல் ஏ' திரை விலகியது. நாடு முழுக்கத் திருவிழா. க்ளீவ்லண்டில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் குதிரைப் போலீஸ். கான்ஸாஸ் சிட்டியில் எல்லாரும் பார்க்க வேண்டுமே என்று காரை மேடை கட்டித் தூக்கி வைத்தார்கள். 40 குதிரைத் திறன், நாலு சக்கரத்துக்கும் பிரேக், உடைந்தாலும் சிதறாத முன் கண்ணாடி. ட்யூடர் மாடல் விலை 495 டாலர். கொடுத்த காசுக்கு மேலேயே!

பார்த்தாச்சு, கை தட்டியாச்சு. டெலிவரி? 'கொஞ்சம் பொறுங்கள்.' புது இயந்திரங்கள், புது வேலைமுறை. ஆரம்ப மாதங்களில் தொழிற்சாலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் வண்டி வெளியே வந்தது. பொறுமை இழந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். 1927, 1928 இரண்டு வருஷமும் விற்பனையில் ஷெவர்லே முதலிடம். ஃபோர்டு மறுபடி முந்தியது 1929-ல்தான்.

*

இந்தக் கூத்தை எல்லாம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். ஒல்லியான, நிதானமான ஆசாமி. 'ஒரே மாடலை 19 வருஷம் ஓட்டிவிட்டு ஒரே நாளில் மாற்றினால்தானே இந்தக் கதி? கொஞ்சம் கொஞ்சமாக, வருஷா வருஷம் மாற்றினால்?' என்பது அவர் கணக்கு. 1927-ல் ஹார்லி ஏர்ல் என்கிற வடிவமைப்பாளரைக் கொண்டுவந்து அழகுக்கென்றே தனிப் பிரிவு வைத்தார். இந்த வருஷம் மூக்கு மாறும், அடுத்த வருஷம் வால் மாறும், உள்ளே இன்ஜின் பெரும்பாலும் பழசே. தீபாவளிக்குத் தீபாவளி புதுப் பெயரோடு வரும் சேலை டிசைன் மாதிரி. போன வருஷத்து வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் புது வண்டியைப் பார்த்தால் நம் வண்டி கிழடு தட்டிய மாதிரி தெரியும். அதுதான் வியாபாரம்!

இதிலும் தொழிலாளிக்கு அடி இருந்தது. அப்போதெல்லாம் புது மாடல்கள் ஜனவரிக் கண்காட்சியையொட்டி வரும். அதற்கு முன்னால், குளிர் ஆரம்பிக்கும் நேரத்தில், இயந்திரம் மாற்றுவதற்காகப் பட்டறையை மூடுவார்கள். வேலை இல்லை, சம்பளம் இல்லை. வசந்தத்தில் விற்பனை சூடு பிடித்தால் ராப்பகலாக வேலை. 1935 ஜனவரியில் ரூஸ்வெல்ட் அரசாங்கம் இதில் தலையிட்டது. புது மாடல்களை இலையுதிர் காலத்திலேயே விட்டால், அந்தப் பரபரப்பில் குளிர்காலத்திலும் வேலை இருக்கும் என்பது யோசனை. அடுத்த கண்காட்சி நவம்பரிலேயே நடந்தது. அந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமான சட்டம் மே மாதமே நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனாலும், பழக்கம் நின்றுவிட்டது. இந்த வருஷ இலையுதிர் காலத்திலேயே 'அடுத்த வருஷ மாடல்' கடைக்கு வந்துவிடும் அமெரிக்க விநோதம் வேரூன்றியது அப்படித்தான்.

பிற்பாடு இந்த 'மாடல் வருஷம்' காரின் உடம்பிலேயே பச்சை குத்தப்பட்டது. 1981 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்து-எண் கொண்ட அடையாளம். அதில் பத்தாவது எழுத்து மாடல் வருஷம். அமெரிக்க விதியில் இன்னொரு கூத்து. ஒரு மாடல் வருஷத்துக்குள் அந்த வருஷத்து ஜனவரி 1 அடங்கியிருந்தால் போதும். அதாவது '2024 மாடல்' என்ற வண்டியை 2023 ஜனவரி 2-லிருந்தே செய்யலாம். 2024 டிசம்பர் 31 வரையிலும் செய்யலாம். நாள்காட்டிக்கும் மாடலுக்கும் இப்படித்தான் உறவு.

*

இனி, எலெக்ட்ரிக் காரின் மறுபிறவி.

1996 டிசம்பரில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் 'இவி1' என்ற எலெக்ட்ரிக் காரை இறக்கியது. விற்பனை கிடையாது, குத்தகை மட்டும். 1999-ல் இரண்டாம் தலைமுறை. அதில் நிக்கல் வகை பேட்டரியும் உண்டு. தூரம் கூடியது, காத்திருப்போர் பட்டியலும் இருந்தது. ஆனால் இரண்டு தலைமுறையும் சேர்த்து மொத்தமே 1,117 வண்டிகள். 2003-ல் கம்பெனி திட்டத்தை ஊற்றி மூடி, வண்டிகளைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கியது. 2005-ல் மிச்சமிருந்த 78 வண்டிகளுக்கு 19 லட்சம் டாலர் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று ரசிகர்கள் கெஞ்சினார்கள். ம்ஹூம்!

பிறகு டெஸ்லா. 2016 மார்ச் 31. 'மாடல் 3' காரின் முகத்தை யாரும் பார்க்கும் முன்பே ஷோரூம் வாசல்களில் வரிசை. ஆளுக்கு 1,000 டாலர் முன்பணம். விலை 35 ஆயிரம் டாலரில் ஆரம்பம் என்று வாக்குறுதி. 24 மணி நேரத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஒரே வாரத்தில் 3 லட்சத்து 25 ஆயிரம் பேர். 1927-ன் அதே காட்சி, 89 வருஷம் கழித்து!

தொடர்ச்சியும் அதேதான். 2017 ஜூலையில் முதல் 30 கார்கள் கைமாறின. அந்தக் காலாண்டுக்கு இலக்கு 1,500. செய்தது 260. வாரத்துக்கு 5,000 என்ற எண்ணைத் தொட 2018 ஜூன் கடைசி ஆயிற்று. அதற்கும் தொழிற்சாலைக்கு வெளியே கூடாரம் போட்டு, அதற்குள் ஒரு தயாரிப்பு வரிசை ஓட்ட வேண்டியிருந்தது.

முதலில் வந்தவை எல்லாம் விலை உயர்ந்த வகைகள், 49 ஆயிரம் டாலர் ரகம். 35 ஆயிரம் டாலர் கார் எப்போது விற்பனைக்கு வந்தது தெரியுமா? 2019 பிப்ரவரி 28. முழு வரிச் சலுகை முடிந்தது 2018 டிசம்பர் 31!

35 ஆயிரத்தில் 7,500 போனால் 27,500 என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, மூன்று வருஷம் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்தக் கணக்கில் ஒருவருக்குக்கூட கார் கிடைக்கவில்லை. அதிகம் கொடுக்க முடிந்தவன் முன்னால் போய்ச் சலுகையையும் முழுசாக வாங்கிக்கொண்டான். சலுகை யாருக்கு நிஜமாகத் தேவையோ, அவன் வரிசையில் பின்னால் நின்றான்.

*

2022-ல் இன்னொரு நாடகம். ஆகஸ்ட் 16-ம் தேதி ஜனாதிபதி பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வட அமெரிக்காவில் பூட்டி முடித்த எலெக்ட்ரிக் காருக்குத்தான் இனி சலுகை. எப்போதிலிருந்து? கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே! கொரியாவிலிருந்து வரும் ஹூண்டாய் ஐயோனிக் 5-க்கும், கியா இவி6-க்கும் காத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஆகஸ்ட் 16-க்கு முன்பே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தம் போட்டிருந்தால், பழைய சட்டப்படி சலுகை கேட்கலாம். புக்கிங் ரசீது வேறு, ஒப்பந்தம் வேறு. விவரம் தெரிந்த சில கம்பெனிகள், கையெழுத்தாவதற்குள் அவசர அவசரமாகத் தங்கள் வாடிக்கையாளர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கின. மற்றவர்கள் ரசீதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

இதில் ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 கதைதான் உச்சம். அமெரிக்காவில் விற்ற 2022 மாடல், ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரத்தில் செய்தது. 2022 ஜூலை கடைசியில் அமெரிக்காவின் சட்டனூகா நகரத்தில் உற்பத்தி ஆரம்பித்தார்கள். அங்கிருந்து வந்ததெல்லாம் 2023 மாடல். ஒரே பெயர், பார்வைக்கு ஏறக்குறைய ஒரே கார். ஆகஸ்ட் 16-க்கு அப்புறம் ஜெர்மனி வண்டியை வாங்கினால் சலுகை பூஜ்யம். அமெரிக்க வண்டி என்றால் 7,500 டாலர்! 17 எழுத்தில் முதல் எழுத்து 'டபிள்யூ' என்றால் ஜெர்மனி, '1' என்றால் அமெரிக்கா. கார் வாங்குகிறவர்கள் பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி அந்த நம்பரின் நட்சத்திரம், ராசி பார்க்க ஆரம்பித்தார்கள். சீக்கிரம் வரும் பழசா, தாமதமாக வரும் புதுசா? 2022 மாடலை வேண்டாம் என்று தள்ளிவிட்டு 2023-க்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த முறை ஜாக்பாட்.

காத்திருந்தவர்கள்தான் எப்போதும் அழுவார்கள் என்றில்லை, அவசரப்பட்டவர்களும் அழுததுண்டு. 2023 ஜனவரி 6-ம் தேதி சீனாவில் டெஸ்லா தடாலென்று விலையைக் குறைத்தது. முந்தைய மாதம்தான் முழு விலை கொடுத்து டெலிவரி எடுத்தவர்கள் கொதித்துப்போய் ஷோரூம்களை முற்றுகையிட்டார்கள்.

மாடல் மாற்றத்தின் வலி கம்பெனிகளையும் விடவில்லை. 2025 தொடக்கத்தில் டெஸ்லா தன் நான்கு தொழிற்சாலைகளிலும் 'மாடல் ஒய்' காரின் புது வடிவத்துக்கு மாறியது. பல வாரங்கள் உற்பத்தி அடிபட்டதாகக் கம்பெனியே சொன்னது. அந்தக் காலாண்டில் டெலிவரி 3,36,681. முந்தைய வருஷம் அதே காலாண்டில் 3,86,810. சரிவுக்கு வேறு காரணங்களும் சொல்லப்பட்டன என்றாலும், ஃபோர்டு இருந்திருந்தால் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்.

அந்த வரிச் சலுகையும் 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு முடிவுக்கு வந்தது. இந்த முறை அரசாங்கம் ஒரு நியாயம் செய்தது. அந்தத் தேதிக்குள் ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சமாவது பணம் கட்டியிருந்தால் போதும். வண்டி பிறகு வந்தாலும் சலுகை உண்டு. 2018-ல் லாரிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கேட்டது இதைத்தானே!

இந்த நூற்றிச் சொச்சம் வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. புது மாடலின் தேதியைக் குறிக்கிறவன் ஒருவன். அந்தத் தேதி தள்ளிப்போனால் நஷ்டப்படுகிறவன் வேறொருவன். 1927-ல் தொழிலாளி. 2018-ல் வாடிக்கையாளன். தேதி குறித்தவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று எழுத்தில் இருந்தபோதுதான் காத்திருந்தவன் தப்பித்தான். எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு, அதைச் சொன்னது எடிசனாகவே இருந்தாலும், சந்தையில் மதிப்பில்லை.

கடைசியாக ஒரு தகவல். 1914-ல் ஹென்றி ஃபோர்டு 'மலிவான எலெக்ட்ரிக் கார் வருகிறது' என்று உலகத்துக்கு அறிவித்தாரே, அப்போது அவர் மனைவி க்ளாரா என்ன செய்தார் தெரியுமா? புருஷனின் அறிவிப்பை நம்பிக் காத்திருக்கவில்லை. புருஷனின் பெட்ரோல் காரையும் தொடவில்லை. கடையில் விற்றுக்கொண்டிருந்த 1914 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' ஒன்றில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கார் இன்றும் ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.